கூட்டிவிட்டுப் பார்த்ததா, பார்த்துவிட்டுக் கூட்டியதா?

குற்றப்பத்திரிகையில் இரண்டு எண்கள் இருந்தன. நான்கு மாதத்தில் கம்பெனியை விட்டு வெளியே போன பெட்டிகள் 9,214. அதே நான்கு மாதத்தில் காணாமல் போன பித்தளைத் துண்டுகள் 9,221. முதல் எண் ஒரு பக்கத்தில் கிடந்தது, அடுத்தது நாலைந்து பக்கம் தள்ளிக் கிடந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க விசாரணை அதிகாரிக்குத் தோன்றவில்லை. திருடுகிற ஆள் பெட்டிக்கு ஒன்று என்று நான்கு மாதம் பிசகாமலா எடுப்பார்? ஒரு நாள் ஆசை கூடும், ஒரு நாள் பயம் கூடும். களவுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. அதிகமாக இருந்த ஏழு துண்டு மெஷினுக்கு அடியில் எங்காவது உருண்டிருக்கும்.

கொரோனாவுக்கு முந்தைய காலம். போச்சம்பள்ளி சிப்காட்டில் பெரிய கம்பெனிகளுக்குச் சின்னச் சின்னச் சாமான் செய்து கொடுக்கும் யூனிட்டுகள் உண்டு. அதில் ஒன்றுதான் இது. பிளாஸ்டிக் உறைக்குள் பதிக்கிற பித்தளைத் துண்டு, விரல் நகம் அளவு இருக்கும், ‘இன்சர்ட்’ என்பார்கள். கடைசல் மெஷினிலிருந்து வருவதைச் சரிவான தகடு வழியாகப் பெட்டியில் விடுவார்கள். தகட்டின் வாயில் ஒரு சென்சார். பெட்டிக்கு இருநூறு. இருநூறு ஆனதும் சின்னக் கதவு மூடும், பெண் பெட்டியை எடுத்து டேப் ஒட்டி அடுத்த பெட்டியை வைப்பார். சரக்கு அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்துக்குப் போகும்.

அந்தப் பெண்தான் என் கட்சிக்காரர். மத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், சூப்பர்வைசரிடம் ஒட்டுக் கன்னடம். ஒரே ஷிப்ட், பேக்கிங் வாயில் அவர் ஒருவரே. ஆகவே சரக்கு குறைந்தால் எடுத்தவரும் அவரே என்று கம்பெனி முடிவு செய்தது. துண்டுக்கு ஆறு ரூபாய் மேனிக்கு 55,326 ரூபாய். அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டம் பிரிவு 381, முதலாளியின் பொருளை வேலையாள் திருடுவது, ஏழு ஆண்டு வரை தண்டனை. ஜாமீன் சிரமப்படாமல் கிடைத்தது, அந்தக் கதை வேண்டாம்.

என்னிடம் வந்த முதல் நாளில் அழுகைக்கு நடுவே ஒரு வாக்கியம் சொன்னார். “மிசின்ல இருநூறுன்னு காட்டும் சார். ஆனா முன்ன மாதிரி டக்குனு மூடாது. இன்னும் ஒண்ணு விழுந்த பிறகுதான் மூடும். சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். உன் வேலையப் பாருன்னாரு.” முன்ன மாதிரி என்றால் எப்போதிருந்து மாறியது என்று கேட்டேன். “புதுப் பெட்டி மாட்டினாங்களே, அதுக்கப்புறம்.” புதுப் பெட்டி என்று அவர் சொன்னது எண்ணும் கருவியின் போர்டை.

அரசுத் தரப்பின் ஆவணங்களில் ஒரு சான்றிதழ் இருந்தது. அப்போது நடப்பில் இருந்த சாட்சியச் சட்டம் பிரிவு 65பி கேட்கிற சான்றிதழ். கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த பதிவு சாட்சியமாக வேண்டுமானால் அது கட்டாயம் என்று அன்வர் எதிர் பஷீர் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் அதை உறுதி செய்தது. அந்தப் பிரிவில் ஒரு நிபந்தனை: சம்பந்தப்பட்ட காலம் முழுவதும் கம்ப்யூட்டர் சரியாக இயங்கியிருக்க வேண்டும். மேலாளர் அதை வரிக்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கூடவே, யாரும் கேட்காத ஒரு தகவலையும் பெருமையாகச் சேர்த்திருந்தார்: பழைய போர்டு பழுதானதால் புதிய போர்டு இன்ன தேதியில் பொருத்தப்பட்டு அன்றுமுதல் பழுதில்லாமல் இயங்கி வருகிறது. சரக்கு குறையத் தொடங்கியதும் அதே வாரம்தான்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 91-இன் கீழ் மனுப் போட்டேன். பழைய போர்டின் புரோகிராம், புதிய போர்டின் புரோகிராம் இரண்டையும் அச்செடுத்துத் தாக்கல் செய்யும்படி. “எதிர்த்தரப்பு மீன் பிடிக்கப் பார்க்கிறது” என்றார் அரசு வழக்கறிஞர். மாஜிஸ்திரேட் அனுமதித்தார். இரண்டு தாள் வந்தது. எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டாலும் இரண்டு பத்திரத்தை வரிக்கு வரி ஒப்பிட்டு எங்கே சொல் மாறுகிறது என்று பார்ப்பது வக்கீலுக்குக் கைவந்த தொழில். கிரயப் பத்திரத்தில் எல்லை மாறுவதைக் கண்டுபிடிக்கிற கண் இதற்கும் போதும். மாறியிருந்தது ஒரே ஒரு வரி. பழைய தாளில் ‘++ஐ’ 200-க்குச் சமமானால் கதவை மூடு என்று இருந்தது. புதிய தாளில் ‘ஐ++’ 200-க்குச் சமமானால் மூடு என்று இருந்தது. கூட்டல் குறி இரண்டும் முன்னாலிருந்து பின்னால் போயிருந்தன. அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அக்கா மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு. புதிய பாடத்திட்டத்தில் அந்த வகுப்புக்கு சி++ வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தாளைக் கொண்டுபோய் அவள் முன் வைத்தேன்.

“ரெண்டும் ஒண்ணுதானே கண்ணு? ஒண்ணு கூட்டறதுதானே?”

“கூட்டறது ஒண்ணுதான் மாமா. எப்ப கூட்டுதுங்கறதுதான் வேற.”

ஐ என்பது ஒரு எண்ணை வைத்திருக்கும் இடத்தின் பெயர். அதில் 5 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ++ஐ என்று எழுதினால் முதலில் அது 6 ஆகும், கேட்பவருக்கும் 6 என்றே பதில் போகும். ஐ++ என்று எழுதினால் கேட்பவருக்கு 5 என்ற பழைய மதிப்பு போகும், ஐ மட்டும் 6 ஆகிவிடும். வரி முடிந்த பிறகு போய்ப் பார்த்தால் இரண்டிலும் 6 தான் இருக்கும். ஆகவே அந்த வரியிலேயே அந்த மதிப்பை யாராவது எடுத்துப் பயன்படுத்தினால்தான் வித்தியாசம் வெளியே வரும். பயன்படுத்தாமல் தனியாக ஐ++ என்றோ ++ஐ என்றோ ஒரு வரி எழுதினால் எதுவானாலும் ஒன்றே. இதைச் செல்போனில் ஒரு ஆப்பைத் திறந்து, நான்கே வரியில் ஓட்டிக் காட்டினாள்.

“எல்லாரும் இதுலதான் மாமா ஏமாறுவாங்க. ஃபார் லூப் மூணாவது எடத்துல ஐ++ போட்டாலும் ++ஐ போட்டாலும் ஒரே ஆன்சர். அதைப் பார்த்துப் பார்த்து எப்பவுமே ஒண்ணுதான்னு மனசுல பதிஞ்சிடும்.”

நான் கேட்டுக்கொண்டிருந்தபோது மண்டைக்குள் வேறொன்று ஓடியது. நாள் கணக்கு. வக்கீல் தொழிலில் பாதி நாள் கணக்குத்தான். தீர்ப்புக்கு எதிராக முப்பது நாளில் மேல்முறையீடு என்றால், தீர்ப்புச் சொன்ன நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும், காலவரையறைச் சட்டம் பிரிவு 12. தீர்ப்பு நாளில் எண் பூஜ்யம்தான், அதைப் பார்த்துவிட்டு அப்புறம் ஒன்று கூட்டுகிறோம். அது ஐ++. ரிமாண்டுக் கணக்கில்தான் தகராறு. அறுபது நாளில் அல்லது தொண்ணூறு நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் உள்ளே இருப்பவருக்கு ஜாமீன் உரிமை பிறந்துவிடும். அந்தக் கணக்கில் ரிமாண்டு செய்த நாளைச் சேர்ப்பதா, விடுவதா? 1986-இல் சாகண்டி சத்தியநாராயணா வழக்கில் சேர்க்கச் சொன்னார்கள், 1995-இல் ருஸ்தம் வழக்கில் விடச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்திலேயே இரண்டும் நடந்தது. நாங்கள் எது வசதியோ அதைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தோம்.

பின்னாளில் இது ஒரு பெரிய வழக்கிலேயே வெடித்தது. டி.எச்.எஃப்.எல். நிறுவனத்தின் கபில் வாதவான் 2020 மே 14 அன்று ரிமாண்டு செய்யப்பட்டார். அமலாக்கத் துறை ஜூலை 11 அன்று மின்னஞ்சலில் அனுப்பிய புகாரை நீதிமன்றத்தில் நேரில் கொடுத்தது ஜூலை 13 அன்று. மே 14-ஐச் சேர்த்து எண்ணினால் அறுபதாம் நாள் ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை. விட்டு எண்ணினால் ஜூலை 13. ஒரு நாள்தான், அதில் மனிதர் உள்ளேயா வெளியேயா என்பதே அடங்கியிருந்தது. ரிமாண்டு நாளைச் சேர்த்தே எண்ண வேண்டும் என்று மூன்று நீதிபதிகள் 2023 மார்ச் 27 அன்று முடித்து வைத்தார்கள். அக்கா மகளின் பாஷையில் சொன்னால், உச்ச நீதிமன்றம் ++ஐ என்று தீர்ப்பளித்தது.

இரண்டு பக்கமும் போடலாம் என்று இந்த ++ குறியை யார் கொண்டுவந்தது என்று எனக்கு ஒரு குடைச்சல். தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில் சேர்த்தது. அவருடன் வேலை பார்த்த டென்னிஸ் ரிச்சி 1993-இல் எழுதிய வரலாற்றில் இதைச் சொல்கிறார். பி.டி.பி.-11 என்ற கம்ப்யூட்டருக்காக உருவானது என்று பலர் நினைப்பது தவறு, பி மொழி பிறந்தபோது அந்தக் கம்ப்யூட்டரே கிடையாது. அவர்களிடம் இருந்தது அதற்கு முந்தைய பி.டி.பி.-7. தொட்டாலே ஒன்று கூடிக்கொள்ளும் நினைவக அறைகள் சில அதில் இருந்தன, யோசனை அங்கிருந்து வந்திருக்கலாம் என்கிறார் ரிச்சி. முன்னும் பின்னும் இரண்டு விதமாகப் போடலாம் என்பது தாம்சனின் சொந்தக் கற்பனை. ஐ = ஐ + 1 என்பதைவிட ++ஐ என்று எழுதினால் கம்ப்யூட்டருக்கான கட்டளை சிறியதாக இருந்தது, அன்றைக்கு இடம் அவ்வளவு அருமை. பிறகு வந்தவர்களில் சிலர் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பைத்தானில் ++ கிடையாது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி 2016-இல் அதை நீக்கியது. கோ மொழியில் பின்னால் மட்டும் போடலாம், அதுவும் தனி வரியாக, மதிப்பை எடுத்து வேறெங்கும் பயன்படுத்த முடியாது. இந்த மூன்றில் கோ மொழிக்காரர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. வசதியை வைத்துக்கொண்டு வழக்கை ஒழித்துவிட்டார்கள்.

புதிய போர்டின் புரோகிராமை எழுதியவர் அரசுத் தரப்பின் நான்காம் சாட்சி. டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்த பையன், இருபது இருபத்தொரு வயது. பழைய போர்டு போனதும் ஞாபகத்தில் இருந்ததை வைத்துப் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தார். நடுங்கிக்கொண்டே கூண்டில் ஏறினார். இவரை மிரட்டினால் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தது. பழைய தாளையும் புதிய தாளையும் கையில் கொடுத்தேன்.

“இந்த வரியை ஏன் மாத்தினீங்க?”

“மாத்தணும்னு மாத்தலைங்க சார். ஐ++னுதான் எப்பவும் எழுதுவேன்.”

“ரெண்டும் ஒண்ணா?”

“ரெண்டுமே ஒண்ணு கூட்டும் சார்.”

“சரி. பெட்டியில 199 துண்டு விழுந்தாச்சு. ஐ-யில 199 இருக்கு. இப்ப இருநூறாவது துண்டு விழுது. பழைய வரி என்ன செய்யும்?”

“199-ஐ 200 ஆக்கும். 200-ஆன்னு பார்க்கும். ஆமாம். கதவு மூடும்.”

“புது வரி?”

அரசு வழக்கறிஞர் எழுந்து, இது சாட்சியின் அபிப்பிராயம், நடந்த விஷயம் இல்லை என்றார். எழுதினவரிடமே எழுதியதைக் கேட்கிறேன் என்றேன். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்துத் தானே ஒரு தாளில் 199 என்று எழுதிக்கொண்டு, “பதில் சொல்லுங்க தம்பி” என்றார்.

“199-ஐ எடுத்து… 200-ஆன்னு பார்க்கும்.” நிறுத்தினார். தாளைப் பார்த்தார். “இல்லை. அப்புறம் 200 ஆக்கும்.”

“கதவு?”

“மூடாது சார்.”

“டிஸ்ப்ளேவுல என்ன காட்டும்?”

“இருநூறு.”

“எப்ப மூடும்?”

“அடுத்தது விழறப்ப. அப்ப 200-ஐ எடுத்துப் பார்க்கும், சரியா இருக்கும், மூடிட்டு ஐ-யைப் பூஜ்யம் ஆக்கிடும்.”

“அந்த அடுத்த துண்டு எத்தனாவது?”

பையன் பதில் சொல்வதற்கு முன் மேலாளர் பக்கம் திரும்பிப் பார்த்தார். “இருநூத்தி ஒண்ணு” என்றபோது குரல் எழும்பவில்லை. சத்தமாகச் சொல்லச் சொல்லி மாஜிஸ்திரேட் பதிவு செய்துகொண்டார்.

என் கட்சிக்காரர் முதல் நாள் சொன்னது அட்சரம் பிசகாமல் இதேதான். டிஸ்ப்ளேவில் ஒரு முறைகூட 201 என்று தெரியாது. 200 தெரியும், இன்னொன்று விழும், 0 ஆகிவிடும். மேலே நின்று பார்த்த அதிகாரிகளுக்கு எப்போதும் 200. பெட்டியை எடை போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். எடை போட்டிருக்கிறார்கள். இருநூறில் ஒன்று என்பது அரை சதவீதம். அட்டைப் பெட்டிக்குப் பெட்டியே அதைவிட அதிகம் வித்தியாசப்படும்.

சரக்கு வாங்கியவர் புகார் செய்யாததற்கும் காரணம் வேறு வேண்டியதில்லை. போச்சம்பள்ளிச் சந்தையில் கத்தரிக்காய்க்கு மேல் ஒரு கொசுறு விழுந்தால் யார் திருப்பிக் கொடுக்கிறார்கள்? கர்நாடகத்துக்காரர் நான்கு மாதமாகப் பெட்டிக்கு ஒரு கொசுறு வாங்கிக்கொண்டிருந்தார், அவருக்கே தெரியாமல்.

ஆனால் பையனின் பதில் ஒரு விளக்கம் மட்டுமே. சாத்தியம் என்று காட்டிவிட்டேன், நடந்தது என்று காட்டவில்லை. காட்டுவதற்கான பொருள் கோர்ட்டிலேயே இருந்தது. போலீஸ் மகஜர் போட்டபோது மாதிரிக்கு என்று டேப் ஒட்டிய இரண்டு பெட்டிகளைக் கைப்பற்றி, படிவம் 95-இல் ‘ஒவ்வொன்றிலும் 200’ என்று எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் திறந்து பார்த்திருக்க முடியாது, டேப் கம்பெனியில் ஒட்டியபடியே இருந்தது. திறந்து எண்ண மனுக் கொடுத்தேன். சான்றுப் பொருளைக் கலைக்கக் கூடாது என்று அரசு வழக்கறிஞர் நெடுநேரம் எதிர்த்தார்.

பெஞ்ச் கிளார்க் மேசையில் செய்தித்தாளை விரித்துக் கொட்டினார்கள். கிளார்க் வாய்விட்டு எண்ணி, 201 என்றார். எண்ணிக்கையில் தடுமாறியிருப்பார் என்று ஆட்சேபணை வந்தது. “வாயால எண்ண வேண்டாம். பத்துப் பத்தா அடுக்குங்க” என்றார் மாஜிஸ்திரேட். பத்துப் பத்தாக இருபது வரிசை. ஒன்று மிச்சம். இரண்டாவது பெட்டியிலும் அப்படியே. படிவம் 95-இல் 200 என்பதை அடித்து 201 என்று எழுதி, கிளார்க் சுருக்கொப்பம் போட்டார்.

மேலாளரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. ‘கம்ப்யூட்டர் சரியாக இயங்கியது’ என்ற அவருடைய சான்றிதழ் முழுக்க உண்மை. எழுதியது எதுவோ அதை நான்கு மாதமும் பிசகாமல் செய்தது. சட்டம் கேட்ட கேள்விக்கு அவர் சரியான பதில் கொடுத்தார், கேள்விதான் போதாது. 2024 ஜூலை முதல் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் பிரிவு 63 சான்றிதழை இரண்டு பகுதியாக்கி, நிபுணர் கையெழுத்தும் ஹேஷ் மதிப்பும் கேட்கிறது. பதிவை யாரும் திருத்தவில்லை என்பதை ஹேஷ் சொல்லும். கூட்டல் குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைச் சொல்லாது.

இங்கிலாந்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துவிட்டார்கள். தபால் நிலையங்களில் 1999 முதல் கொண்டுவந்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்ட, 900-க்கும் மேற்பட்ட தபால் நிலையப் பொறுப்பாளர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சீமா மிஸ்ரா 2010-இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். அவருடைய தண்டனை ரத்தானது 2021 ஏப்ரலில். அங்கே கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்ததாகவே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும், மறுப்பவர்தான் சான்று காட்ட வேண்டும். என் கட்சிக்காரருக்குக் கிடைத்தது போல டேப் பிரிக்காத பெட்டி அவர்களில் யாருக்கும் இல்லை.

மிச்சம் இருந்தது ஒரு ஒப்புதல் கடிதம். கம்பெனி அலுவலக அறையில் எழுதி வாங்கியது. அதில் ‘கையாடல்’ என்று ஒரு சொல். எட்டாவது படித்த பெண் தானாக எழுதிய கடிதம் என்று மனிதவள அதிகாரி சாட்சி சொன்னார். அந்த அறையில் எத்தனை பேர் இருந்தீர்கள், கதவு திறந்திருந்ததா, எழுதினால் போலீசுக்குப் போகமாட்டோம் என்று சொன்னீர்களா என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு “நல்லதுக்குத்தான் சொன்னோம்” என்றார். அதிகாரத்தில் இருப்பவர் ஆசை காட்டி வாங்கிய ஒப்புதல் செல்லாது என்றது சாட்சியச் சட்டம் பிரிவு 24. கடிதம் அதோடு போயிற்று.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 248(1)-இன் கீழ் விடுதலை. அரசு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பையனை வேலையை விட்டு அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டு, வேண்டாம் என்று மேலாளரிடம் நானே சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் பேச்சை எவ்வளவு தூரம் கேட்டாரோ தெரியாது, அடுத்த முறை பார்த்தபோது பையன் அங்கேயே இருந்தார், வரியை ++ஐ என்று மாற்றியிருந்தார்.

வேலை நீக்கம் தனி விவகாரமாகத் தொழிலாளர் அலுவலரிடம் போனது. கம்பெனி சமரசத்துக்கு வந்தது, பின்சம்பளம் தருவதாக ஒப்புக்கொண்டது. கணக்குத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். சஸ்பெண்ட் செய்த தேதிக்கு மறுநாளிலிருந்து போட்டிருந்தார்கள். நான் கூட்டுத்தொகையைச் சரிபார்த்துக் கையெழுத்துக்குத் தள்ளினேன். என் கட்சிக்காரர் பேனாவைத் தொடவில்லை.

“அன்னிக்கு நாள் சம்பளம் எங்கங்க சார்?” என்றார் அலுவலரிடம். “மத்தியானம் வரைக்கும் பெட்டி கட்டினேனே.”

வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். காலையில் அவர் போட்ட கையெழுத்து இருந்தது. முழு நாளாகச் சேர்த்துக் கொடுத்தார்கள்.